ஊசிக்கரட்டு மண் திருட்டு

"ஐயோ! என் மண்ணைக் காணோமே!"

ஊசிக்கரடு என்கிற பாறைக் குன்றின் சரிவில் நின்று முயல் பூவாத்தா போட்ட கூச்சலில், வேப்பமரத்துக் காகங்கள் அத்தனையும் எழுந்து பறந்தன.

பாவம், அவள் விதைக்க வந்தவள். முந்தின நாள் மத்தியானம் கோடையின் முதல் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஈரம் காய்வதற்குள் சாமையைத் தூவிவிட வேண்டும். ஓலைப்பெட்டி நிறைய விதையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நாலு குட்டிகளையும் புதரில் பத்திரமாக விட்டுவிட்டு, துள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால் விதைக்க மண்ணே இல்லை!

வயல் இருந்த இடம் இருந்தது. வயல்தான் இல்லை. காதுவரை புதையும் ஆழத்துக்குச் செம்மண் கிடந்த இடத்தில், பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாறையைச் சுற்றிச் சரளைக்கல். ஓர் இடுக்கில் மட்டும் ஒரு பிடி மண் ஒட்டிக்கொண்டிருந்தது. பூவாத்தா அதை முன்னங்காலால் தொட்டுப் பார்த்தாள். அந்த ஒரு பிடியும் உதிர்ந்து விழுந்தது. தலையிலிருந்த பெட்டியும் நழுவி விழுந்தது.

"உழுது போட்ட மண்ணு! புட்டு மாதிரி இருந்துச்சே! எவன் வாரிக்கிட்டுப் போனான்?"

சத்தம் கேட்டு மேல்வயல்காரன் சடையன் ஓடி வந்தான். சடையன் ஒரு முள்ளம்பன்றி. அவனுடைய முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"உனக்குமா போச்சு, பூவாத்தா?"

"உங்களுக்குமா அண்ணே?"

"எனக்குப் பாதி போச்சு! வள்ளிக்கிழங்கு நட வெச்சிருந்த பாதி! குழி தோண்டலாம்னு போனா நகம் பாறையில மோதுது!"

அதற்குள் காட்டுப்பன்றி கொம்பையன் வந்துவிட்டான். கரடு முழுவதற்கும் அவன்தான் உழவன். மூக்கை மண்ணில் வைத்தான் என்றால் எந்தத் தரையும் பிளந்துவிடும். அவன் பாறையைப் பார்த்தான். தன் மூக்கைத் தடவிப் பார்த்தான். மறுபடியும் பாறையைப் பார்த்தான்.

"முந்தாநாள்தானே உழுதேன்! நான் உழுத வயலையே தூக்கிட்டானா?" என்றான்.

கடைசியாக வந்தார் நரி தீர்த்தகிரி. கரட்டுக்கு அவர்தான் நாட்டாமை. பூவாத்தாவின் வயலுக்குக் கீழே அவருடைய வெள்ளரித் தோட்டம். அவர் வாலை நிமிர்த்திக்கொண்டு வயலை ஒரு சுற்று சுற்றி வந்தார். பாறையை மோந்து பார்த்தார்.

"மண்ணுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"றெக்கை இருக்கா?"

"இல்லைங்க!"

"அப்ப அது தானாப் போகலை. யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க!"

நாட்டாமையின் மூளையை நினைத்து மூன்று பேரும் மலைத்துப்போனார்கள்.

"மண்ணைத் தவிர வேற ஏதாவது காணாமப் போச்சா? மறைக்காமச் சொல்லணும்" என்றார் தீர்த்தகிரி.

பூவாத்தா சடையனைப் பார்த்தாள். சடையன் பூவாத்தாவைப் பார்த்தான். இருவரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வேற ஒண்ணும் இல்லைங்க!" என்றார்கள் ஒரே நேரத்தில்.

பச்சைப் பொய்! இன்னொன்றும் காணாமல்தான் போயிருந்தது. அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊசிக்கரட்டில் ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே, சரிவுக்குக் குறுக்காக ஒரு வரப்பு உண்டு. சடையனுக்கும் பூவாத்தாவுக்கும் நடுவில் இருந்த வரப்பு, பூவாத்தாவின் அம்மா காலத்தில் நாலு முயல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து உருளலாம் என்கிற அகலம். மேலே அருகும் கோரையும் மண்டிக் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் விதைப்புக்கு முன்னால் வரப்புச் செதுக்குவது கரட்டு வழக்கம். நீண்டு வளர்ந்த புல்லை நுனி கடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பூவாத்தா அவ்வளவோடு நிறுத்த மாட்டாள். புல்லோடு வேரையும், வேரோடு ஒரு சாண் வரப்பையும் தன் பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வாள். "ஒரு சாண்தானே! ஒரு சாணில் குட்டிகளுக்கு ரெண்டு நாள் கஞ்சி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆறு வருஷம், ஆறு சாண். யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

மேலே சடையனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். அவனுக்கும் அதே பெருமை.

வழியில் பார்த்தால் இருவரும் குசலம் விசாரிப்பார்கள்.

"நம்ம வரப்பு எப்படி அண்ணே இருக்கு?"

"அதுக்கென்ன! கல்லு மாதிரி இருக்கு!"

இந்த வருஷம் மிச்சம் இருந்ததே இரண்டு சாண்தான். காலையில் பூவாத்தா வந்து தன் பக்கத்துச் சாணை இழுத்தாள். மத்தியானம் சடையன் வந்து தன் பக்கத்துச் சாணை இழுத்தான். சாயங்காலம் இருவரும் வந்து பார்த்தால் வரப்பே இல்லை! முழுசையும் அவன்தான் தின்றுவிட்டான் என்று அவள் நினைத்தாள். அவள்தான் தின்றுவிட்டாள் என்று அவன் நினைத்தான். கேட்கலாம் என்றால், "உன் பக்கத்தை யார் செதுக்கினது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஆகவே இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் மழை எப்படியாம் அண்ணே?"

"நல்லாப் பெய்யும்னு சொல்றாங்க."

மறுநாள் கொம்பையன் உழ வந்தான். வரப்பு இல்லாததைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். "அப்பாடா! வரப்புக்கு வரப்பு திரும்பித் திரும்பிக் குறுக்கே உழுது கழுத்தே சுளுக்கிப்போச்சு!" என்றான். கரட்டு உச்சியில் மூக்கை வைத்தான். சடையன் வயல், பூவாத்தா வயல், நாட்டாமை தோட்டம் என்று எங்கும் நிற்காமல் நேராக இறங்கினான். போன வருஷத்துத் தாள்கட்டைகளையும் வேரோடு பிடுங்கி எறிந்தான். உச்சியிலிருந்து அடிவாரம்வரை முப்பது சால், முப்பதும் ஒரே கோடு.

"பாருங்க! நூல் பிடிச்ச மாதிரி இல்லை?" என்று கேட்டான்.

"அடடா! என்ன நேர்த்தி!" என்றாள் பூவாத்தா. சடையனும் தலையாட்டினான். அதற்கு மறுநாள்தான் மழை கொட்டியது.

இதுதான் சங்கதி. இனி திருட்டு விசாரணைக்குத் திரும்பலாம்.

நாட்டாமை தரையைக் குனிந்து பார்த்தார். பாறைமேல் செந்நிறக் கோடு ஒன்று கீழ்நோக்கிப் போயிருந்தது.

"திருடன் தடம் விட்டுட்டுப் போயிருக்கான்! வாங்க என் பின்னாடி!" என்று கிளம்பினார்.

தடம் பூவாத்தாவின் வயலைத் தாண்டியது. நாட்டாமையின் வெள்ளரித் தோட்டத்துக்குள் புகுந்தது. அங்கே ஓர் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சாலுக்கு நடுவே கொம்பையன் விட்டுவைத்திருந்த கொடிகள் வேரோடு தொங்கின. அவருடைய தோட்டத்துக்கும் பூவாத்தாவின் வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு இருந்திருக்க வேண்டும் இல்லையா? அதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார்.

தடம் அடிவாரத்தில் ஆம்பல்குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

குட்டையைப் பார்த்த பூவாத்தா அப்படியே நின்றுவிட்டாள். பாதிக் குட்டையைக் காணோம்! ஆம்பல் இலை மிதந்த இடத்தில் செஞ்சேறு மேடு தட்டியிருந்தது. மிச்சமிருந்த தண்ணீர் செம்மண் சாந்து போலக் கலங்கிக் கிடந்தது. கரையில், கழுத்திலிருந்து வால்வரை செம்மண் பூசிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மண்ணை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள் ஆமை காத்தாயி. குட்டையில் குடியிருப்பவள். கரட்டில் அவளுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது.

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு!" என்று கத்தினார் தீர்த்தகிரி.

"என் மண்ணு! அது என் மண்ணு!" என்று பாய்ந்தாள் பூவாத்தா. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நிறம், அந்த மணம், உள்ளே கிடந்த சாமைத் தாள்கூட அவளுடையதுதான்.

காத்தாயி தலையை நிமிர்த்தினாள். "உன் மண்ணா? அப்ப எடுத்துட்டுப் போ தாயி! சீக்கிரம் எடு! என் முட்டை பதினொண்ணு இதுக்கு அடியில கெடக்கு! கரையில பொதைச்சு வெச்சிருந்தேன். மேல இவ்வளவு மண்ணு ஏறினா குஞ்சு எப்படி வெளிய வரும்?"

"திருடின பொருள் கையில இருக்கு. பேச்சைப் பாரு!" என்றார் தீர்த்தகிரி.

"நான் எதுக்குங்க திருடணும்? மண்ணை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? என் வீட்டை நானே மூடிக்குவேனா?"

"திருடங்க எல்லாரும் இப்படித்தான் கேள்வி கேப்பாங்க."

"ஏனுங்க, நான் கரட்டுல ஏறி எறங்கவே அரை நாள் ஆகுங்க. ஒரே மழையில மூணு வயல் மண்ணை நான் எப்படிங்க தூக்கியிருப்பேன்?"

கேள்வி நியாயமான கேள்வி. பூவாத்தாவுக்குக் காது நுனி சில்லிட்டது. இவள் இல்லை என்றால் வேறு யார்? விசாரணை கரட்டுக்குத் திரும்பினால், வரப்பு எங்கே என்று யாராவது கேட்டால்?

"கூட்டாளிங்க இருந்திருப்பாங்க!" என்றான் சடையன் அவசரமாக.

"ஆமா! கூட்டுக் களவாணிங்க!" என்றாள் பூவாத்தா, அவனைவிட அவசரமாக.

சொன்னதும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. நம்மவர்கள் யாரும் இல்லை, வெளியாள்தான் என்று ஆகிவிட்டதே! சொல்லவே கூசுகிறது எனக்கு. ஆனால் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். "எடுத்த மண்ணை எடுத்த இடத்துல கொண்டுபோய்க் கொட்டணும். கடைசிப் பிடிவரைக்கும். அப்புறம் குட்டையை விட்டே வெளியேறணும். அதுவரைக்கும் கரையில தோண்டக் கூடாது. தோண்டினா தடயம் அழிஞ்சிடும்!"

"ஐயா! முட்டைங்க..."

"முதல்ல மண்ணு! அப்புறம் முட்டை!"

காத்தாயி மண்ணைச் சுமக்கத் தொடங்கினாள்.

அது பார்க்கச் சகிக்காத காட்சி. கொம்பையன் ஒரு தேக்கிலையில் மண்ணை அள்ளி அவள் ஓட்டின்மேல் வைப்பான். அவள் கரட்டில் ஏறுவாள். ஏறும்போதே பாதி மண் சிந்திவிடும். மீதியைப் பாறைமேல் கொட்டுவாள். பூவாத்தா அதைப் பரப்புவாள். காத்தாயி இறங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு நடை. இறங்கும்போதெல்லாம் கரைப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். "நட! நட!" என்று தீர்த்தகிரி விரட்டுவார்.

இரண்டாம் நாள் பூவாத்தாவின் வயலில் மண்ணைக் கொட்டிவிட்டு அவள் கொஞ்சம் நின்றாள்.

"ஏன் பூவாத்தா, எனக்கு ஒண்ணு வெளங்கலை."

"என்ன?" என்றாள் பூவாத்தா. ஈரம் காய்ந்துகொண்டே வருகிறதே என்று அவளுக்குக் கவலை.

"குட்டையில இருந்து பாத்தா கரட்டு மேல பச்சைப் பச்சையாக் கோடு தெரியும். அடுக்கடுக்கா, பாய் விரிச்சாப்ல. அதுல ஒண்ணு சரியா இங்கதானே ஓடும்? எங்க அது?"

பூவாத்தாவின் கையிலிருந்த மண் கீழே கொட்டியது. "உனக்குக் கண்ணு சரியில்லை!" என்று சீறினாள். "கோடாவது ஒண்ணாவது! போ, அடுத்த நடை எடுத்துட்டு வா!"

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோண்டிப் பாத்துக்கறேன் தாயி. நாட்டாமைகிட்டச் சொல்லேன். உனக்கும் குட்டிங்க இருக்கில்ல?"

பூவாத்தா வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் காத்தாயியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், ஐந்தாவது நடை. காத்தாயி மண்ணைக் கொட்டிவிட்டு, கொம்பையன் உழுத சால் ஒன்றின் வழியாகத் தட்டுத் தடுமாறி இறங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் சுமந்தது ஒரு முறம்கூட நிறையாது. பூவாத்தா அதைப் பாறைமேல் தட்டித் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று வானம் இருண்டது. முதல் துளி புளியங்கொட்டை கனத்தில் அவள் மூக்கில் விழுந்தது.

அடுத்த நிமிஷம் மழை கொட்டியது.

முதல் மழையின்போது அவள் குட்டிகளோடு புதருக்குள் சுருண்டு கிடந்தாள். வயலை யார் பார்த்தார்கள்? இந்த முறை வயலுக்கு நடுவிலேயே நின்றாள். அவள் கண் முன்னாலேயே அது நடந்தது.

பரப்பி வைத்த மண்ணைத் துளிகள் அடித்து உடைத்தன. மண் கரைந்தது. மேலே சடையனின் வயலிலிருந்து தண்ணீர் இறங்கி வந்தது. கொம்பையனின் நேர் சாலுக்குள் புகுந்தது. முப்பது சாலும் முப்பது வாய்க்காலாக மாறின. வந்த தண்ணீர் எங்கே நிற்கும்? எதில் மோதித் தயங்கும்? பாய்ந்து வந்த வேகத்தில், வரப்பு இருந்த இடத்தை ஒரு வீட்டின் திறந்த வாசலைப் போலக் கடந்து, பூவாத்தாவின் காலுக்கு நடுவே ஓடியது. தெளிவாக வரவில்லை. சடையனின் மிச்சப் பாதி மண்ணையும் தூக்கிக்கொண்டு, சிவப்புச் சிவப்பாக வந்தது.

காத்தாயி மூன்று நாள் சுமந்த மண், பூவாத்தா கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

"ஐயையோ!" என்றாள் பூவாத்தா. கூச்சல்கூட வரவில்லை. காற்றுத்தான் வந்தது. "தண்ணியா! தண்ணியா எடுத்துட்டுப் போச்சு! நான் வரப்பை எடுத்தேன்... அது மண்ணை எடுத்துச்சு!"

திருடியை அவள் மூன்று நாளாகத் தன் காதுகளுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

அப்போதுதான் கீழே ஒரு சத்தம். சாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த காத்தாயியைத் தண்ணீர் புரட்டிவிட்டது. ஓடு கீழே, கால் மேலே. சுழன்று சுழன்று போனாள். நாட்டாமைத் தோட்டத்துப் பள்ளத்தில் விழுந்தாள். அவளுக்குப் பின்னாலேயே சேறு இறங்கியது.

பூவாத்தா ஓடினாள். நேர் சாலில் கால் வைத்தால் தானும் போய்விடுவோம் என்று தெரிந்து, பாறைக்குப் பாறை தாவித் தாவி ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்.

"சடையண்ணே! கொம்பையா! ஓடி வாங்க! காத்தாயி மாட்டிக்கிட்டா! அவ திருடலை! நான்தான் வரப்பைச் செதுக்கினேன்! ஆறு வருஷமாச் செதுக்கினேன்! நான்தான் திருடி!"

கரடே அதிரும்படி கத்தினாள். யார் கேட்டாலும் அவளுக்கு இனிக் கவலை இல்லை.

சடையன் வந்தபோது பூவாத்தா பள்ளத்தின் சேற்றில் கழுத்துவரை இறங்கியிருந்தாள். காத்தாயியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. சடையன் சேற்றைப் பறித்தான், கொம்பையன் மூக்கால் நெம்பினான். காத்தாயி சேற்றோடு வெளியே வந்து விழுந்தாள். வாயிலிருந்து செம்மண் தண்ணீரைத் துப்பினாள். உயிர் இருந்தது.

"நானும் இழுத்தேன், ஏழு சாண்" என்றான் சடையன் மெதுவாக. "நீ மட்டும்தான் செய்யறேன்னு நெனைச்சியா?"

பூவாத்தா அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் 'கல்லு மாதிரி இருக்கு' என்று சொன்ன அண்ணன்! அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கொம்பையன் கரட்டைத் திரும்பிப் பார்த்தான். அவன் போட்ட முப்பது கோட்டிலும் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் வழி வெட்டிக் குடுத்தேனா? குறுக்கே உழுதிருந்தா நின்னு நின்னு வந்திருக்குமே! தாளையாவது விட்டு வெச்சிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

காத்தாயி யார் பேசியதையும் கேட்கவில்லை. எழுந்தாள். தள்ளாடிக்கொண்டே குட்டைப் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் பூவாத்தாவுக்கு உறைத்தது. முட்டைகள்!

மழை விட்டிருந்தது. கரையில் சேறு இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. தீர்த்தகிரி அங்கே நின்றுகொண்டிருந்தார். "தீர்ப்பு முடியறதுக்குள்ள தோண்டக் கூடாது..." என்று ஆரம்பித்தார்.

"உங்க தோட்டத்து மேல் வரப்பு எங்கேங்க போச்சு?" என்று கேட்டாள் பூவாத்தா.

நாட்டாமை வாலை மடக்கிக்கொண்டு நகர்ந்து வழி விட்டார்.

நாலு பேரும் தோண்டினார்கள். "கொம்பையா, மூக்கை வைக்காதே! ஓடு உடைஞ்சிடும்!" என்று பூவாத்தா தடுத்தாள். மேல்சேற்றைச் சடையன் பறித்துத் தள்ளினான். அடிமண்ணைப் பூவாத்தா முன்னங்கால்களால் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினாள். எல்லாம் அவளுடைய வயல் மண். விதைக்க வேண்டிய மண். முதல் முட்டை கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். நசுங்கி, உள்ளே சேறு புகுந்திருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது முட்டையில் ஓடு விரிந்திருந்தது. குஞ்சின் மூக்கு வெளியே வந்திருந்தது. அது மூச்சு விட வழியில்லாமல் அப்படியே நின்றுவிட்டிருந்தது.

பூவாத்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்துவிட்டாள். காத்தாயி அதை வாங்கிப் பார்த்தாள். விரல் நுனி அளவு மூக்கு.

"இது நேத்துத்தான் ஓட்டை உடைச்சிருக்கு" என்றாள். "நேத்து..."

நேற்றுத்தான் அவள் ஒரே ஒரு தடவை தோண்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

பதினொன்றில் ஏழு போயிருந்தன. நாலு முழுசாகக் கிடைத்தன. காத்தாயி அந்த நாலையும் மேட்டில், சேறு எட்டாத இடத்தில் புதைத்தாள்.

"என்னை மன்னிச்சிரு அக்கா" என்றாள் பூவாத்தா. அவள் அழுத அழுகையில் மீசையெல்லாம் நனைந்திருந்தது.

காத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. "போய் முதல்ல வரப்பைப் போடு. மழை இன்னும் இருக்கு. இந்த நாலும் இங்கதான் இருக்கு" என்றாள்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. பூவாத்தா ஆறு சாண் எடுத்தவள், பன்னிரண்டு சாண் விட்டாள். சடையன் அவன் பக்கத்தில் பத்துச் சாண் விட்டான். கல்லை அடுக்கினார்கள். குட்டையிலிருந்து மண்ணைச் சுமந்து ஏற்றினார்கள்; இம்முறை சுமந்தது காத்தாயி இல்லை, கரட்டுக்காரர்கள் எல்லாரும். நாட்டாமையும் முதுகில் சுமந்தார். கோரைக் கிழங்கைத் தேடி எடுத்து வந்து நட்டார்கள். மிச்சமிருந்த மண்ணைக் கொம்பையன் கழுத்துச் சுளுக்கச் சுளுக்கக் குறுக்கே உழுதான்.

அடுத்த மழையில் தண்ணீர் வந்தது. வரப்பில் மோதியது. நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கியது. மீந்தது புல்லுக்கு நடுவே கசிந்து, அதிகம் கலங்காமல் குட்டைக்குப் போனது.

ஆனால் போன மண் அத்தனையும் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள். பாதிதான் வந்தது. பூவாத்தாவின் வயலில் அந்த வருஷம் நாலில் ஒரு பங்குதான் சாமை விளைந்தது. குட்டிகள் பாதி வயிற்றோடு படுத்தன. பாறை இன்னும் அங்கங்கே வெளியே தெரிகிறது. அவள் ஆயுசுக்குள் அது மூடாது.

முட்டைகளைப் புதைத்த பத்தாம் நாள் காலையில், மேட்டு மண் அசைந்தது. ஆமைக் குஞ்சுகள் வெளியே வந்தன. பூவாத்தா விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்து, பயந்து பயந்து, தள்ளி நின்று பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. காத்தாயி எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

நாலு என்ற பிறகும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தமில்லாமல் பதினொன்றுவரை எண்ணினாள். பிறகு பூவாத்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள். பூவாத்தா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

தன் வயலைப் பெருக்க வரப்பைச் செதுக்குகிறவர், தன் மண்ணையும் இழப்பார். ஒரு குற்றமும் செய்யாமல் கீழே குடியிருப்பவரையும் அந்த மண்ணிலேயே புதைப்பார்.